ஃப்ரீசரில் எரர் கோடு வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தூத்துக்குடியில் ஃபிரிட்ஜ், டீப் ஃப்ரீசர் பழுது பார்க்கிறவன். முன்பெல்லாம் "கூலிங் இல்லை" என்றுதான் ஃபோன் வரும். இப்போது "ஏதோ எழுத்து காட்டுது, போர்டு போயிருச்சா அண்ணாச்சி?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கிறது. வாரத்துக்கு வாரம் ஒரே கேள்விகள் வருவதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். டபுள் டோர் ஃபிரிட்ஜின் ஃப்ரீசர், மூடியைத் தூக்கித் திறக்கும் டீப் ஃப்ரீசர் இரண்டுக்கும் இது பொருந்தும்.

எரர் கோடு வந்தால் போர்டு கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. போர்டு என்பது ஃப்ரீசரை இயக்கும் மின்னணுப் பலகை. அதற்குக் கண் கிடையாது. சென்சார் சொல்வதைக் கேட்கும், ஃபேன் சுற்றுகிறதா என்று ஒரு வயர் வழியாகத் தெரிந்துகொள்ளும், கம்ப்ரசர் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்க்கும். இவற்றில் ஏதாவது ஒன்று நம்ப முடியாத கணக்கைச் சொன்னால் போர்டு ஒரு கோடைக் காட்டுகிறது. அதாவது போர்டு உயிரோடு இருக்கிறது, வேறு எதையோ பற்றிப் புகார் சொல்கிறது. அந்தப் புகாரைக் கேட்காமல் புகார் சொன்னதையே கழற்றி எறிந்துவிட்டுப் பல ஆயிரம் ரூபாய்க்குப் புது போர்டு மாட்டுகிறார்கள். புது போர்டும் இரண்டே நிமிடத்தில் அதே கோடைக் காட்டும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது கஷ்டமாக இருக்கும். அந்தப் பணம் அந்த வீட்டுக்கு ஒரு மாதச் செலவாக இருந்திருக்கும்.

போர்டையே குற்றம் சொல்லும் கோடுகளும் உண்டு. டிஸ்ப்ளேக்கும் மெயின் போர்டுக்கும் பேச்சுவார்த்தை அறுந்துபோனதைச் சொல்லும் கோடு அப்படி ஒன்று. அதிலும் பாதிக்கு மேல் கதவின் கீல் வழியாகப் போகும் வயர் உள்ளே முறிந்திருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். தினமும் இருபது முறை திறந்து மூடுகிற கதவு, வயர் எத்தனை வருஷம் தாங்கும்?

கோடு தெரிந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஃபோனை எடுத்துப் படம் பிடியுங்கள். பிளக்கைப் பிடுங்குவதற்கு முன்பே. பல மாடல்களில் கரண்ட் போனால் கோடு அழிந்துவிடும். அப்புறம் மெக்கானிக் வந்து நின்றுகொண்டு "என்ன காட்டுச்சு?" என்று கேட்கும்போது ஆளுக்கு ஒன்று சொல்வீர்கள். எழுத்துக்குப் பதிலாக விளக்கு மின்னினால் ஒரு நிமிட வீடியோ எடுங்கள். எத்தனை முறை மின்னுகிறது, எவ்வளவு நேரம் நின்று மறுபடி ஆரம்பிக்கிறது என்பதுதான் அங்கே கோடு.

இன்னும் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: உள்ளே குளிர் இருக்கிறதா, ஃபேன் சத்தம் கேட்கிறதா, பின்னால் கீழே கம்ப்ரசர்மேல் கை வைத்தால் அதிர்வு தெரிகிறதா. பக்கவாட்டிலோ பின்புறமோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழு மாடல் எண்ணையும் படம் பிடித்து வையுங்கள்.

பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் கோடு போய்விடுகிறது. சரியாகிவிட்டதா?

சில நேரம் ஆகியிருக்கும். கரண்ட் போய் வந்ததில் போர்டு குழம்பியிருந்தால் பத்து நிமிடம் அணைத்து வைத்தாலே போதும். உடனே செருகாதீர்கள். நின்ற கம்ப்ரசரின் இரண்டு பக்க அழுத்தமும் சமமாவதற்குக் குறைந்தது 3 முதல் 5 நிமிடம் ஆகும்.

ஆனால் கோடு திரும்பி வந்தால், எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்று கவனியுங்கள். பழுது எங்கே என்பதை அந்த நேரமே சொல்லிவிடும். செருகியவுடன் வந்தால் சென்சார் வயர் அறுந்திருக்கலாம், இல்லை இரண்டு வயரும் ஒட்டி ஷார்ட் ஆகியிருக்கலாம், ஏனென்றால் போர்டு முதலில் பார்ப்பது சென்சாரைத்தான். சில நிமிடத்தில் வந்தால் ஃபேன் அல்லது கம்ப்ரசர் பக்கம் பார்க்க வேண்டும். அவை ஓடத் தொடங்கிய பிறகுதானே போர்டுக்குத் தெரியும்? ஒரு நாள் கழித்து வந்தால் டிஃப்ராஸ்ட், அதாவது உள்ளே படியும் ஐஸை ஹீட்டர் வைத்து அவ்வப்போது கரைக்கும் ஏற்பாடு. ஹீட்டருக்கு முறை வரும்வரை போர்டு அதைச் சோதிப்பதில்லை. "நேத்து சரியாயிருச்சு, இன்னைக்கு மறுபடி வந்துருச்சு" என்று யாராவது சொன்னால் நான் முதலில் ஹீட்டரைத்தான் நினைப்பேன்.

எந்தக் கோடு எதைக் குறிக்கிறது?

கம்பெனிக்குக் கம்பெனி வேறு, ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல் வேறு. ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறேன். எல்ஜியின் பல மாடல்களில் 'எஃப்எஸ்' என்றால் ஃப்ரீசர் சென்சார், 'ஆர்எஸ்' என்றால் ஃபிரிட்ஜ் பகுதியின் சென்சார், 'எஃப்எஃப்' ஃப்ரீசர் ஃபேன், 'சிஎஃப்' பின்னால் கண்டென்சர் ஃபேன், 'டிஹெச்' டிஃப்ராஸ்ட் ஹீட்டர், 'சிஓ' போர்டுகளுக்கு இடையிலான தொடர்பு. இதை வைத்துக்கொண்டு வேறு கம்பெனி ஃபிரிட்ஜைப் படிக்கக் கூடாது.

இன்னொன்று. திரையில் தெரிகிற எல்லாமே பழுது இல்லை. கடையில் விளக்கு எரிய, குளிர் வராமல் காட்சிக்கு வைப்பதற்கென்று ஒரு டெமோ நிலை இருக்கும். பொத்தான்களைக் குழந்தைகள் சேர்த்து அழுத்திவிட்டால் அதற்குள் போய்விடும். சில மாடல்கள் அப்போது 'ஆஃப்' என்று ஆங்கில எழுத்தில் காட்டும். புது வீடு குடிபோன ஒரு குடும்பம் நான்கு நாளாக ஃப்ரீசர் குளிரவில்லை என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அதுதான். புத்தகத்தில் சொல்லியிருந்தபடி இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தியதும் கம்ப்ரசர் ஓடத் தொடங்கியது. கதவு சரியாக மூடாததற்கான ஒலி, நீண்ட நேரம் கரண்ட் இல்லாமல் இருந்து வந்ததும் மின்னும் வெப்பநிலை எண், இவையும் பழுது இல்லை.

சென்சார் கோடு வந்திருக்கிறது, ஆனால் குளிர் நன்றாக இருக்கிறதே?

இருக்கும். சென்சாரை நம்ப முடியாதபோது பல போர்டுகள் ஒரு நேரக் கணக்கு வைத்துக் கம்ப்ரசரை ஓட்டி நிறுத்திச் சமாளிக்கும். உங்கள் மீனும் கறியும் கெடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. நிரந்தரமாக அப்படியே விடாதீர்கள்.

சென்சாரை நாமே சோதிக்க முடியுமா?

மல்டிமீட்டர் இருந்தால் தாராளமாக முடியும். வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் இதுதான் எனக்குப் பிடித்தது.

ஃப்ரீசருக்குள் இருப்பது என்டிசி வகைச் சென்சார். குளிர் கூடக் கூட இதன் தடை ஏறும், சூடானால் இறங்கும். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சென்சாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் கட்டியைப் பொடித்துப் போட்டு, ஐஸ் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். அது 0 டிகிரி. சென்சார் குண்டை அதற்குள் ஐந்து நிமிடம் தொங்கவிட்டு மீட்டரில் பாருங்கள்.

25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகையாக இருந்தால், ஐஸ் தண்ணீரில் 27 முதல் 33 கிலோ ஓம் வரை வர வேண்டும். 5 கிலோ ஓம் வகையாக இருந்தால் 13 முதல் 16 வரை. வேறு வகைகளும் உண்டு. என்ன வகை என்றே தெரியாவிட்டால் இப்படிப் பாருங்கள்: அறைச் சூட்டில் உள்ள அளவைவிட ஐஸ் தண்ணீரில் மூன்று நான்கு மடங்கு ஏற வேண்டும், ஏறி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். குண்டுக்குள் ஈரம் புகுந்த சென்சார் நிற்காது. 20 காட்டும், 14-க்கு இறங்கும், மறுபடி ஏறும். மீட்டரில் எதுவுமே வராவிட்டால் உள்ளே அறுந்துவிட்டது. அறுந்த சென்சார் போர்டுக்கு வடதுருவம் மாதிரித் தெரியும், ஷார்ட் ஆனது அடுப்பு மாதிரித் தெரியும். இரண்டையும் நம்ப முடியாமல்தான் கோடு போடுகிறது.

சென்சார் நன்றாக இருந்தால் கனெக்டரைப் பாருங்கள். எங்கள் கடற்கரை ஊரில் உப்புக் காற்று அங்கேதான் வேலையைக் காட்டும். செம்பு பச்சை பிடித்து, தொட்டாலே பொடியாக உதிரும். லேசாக இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக உலர்த்தி மாட்டினாலே கோடு போய்விடும். போர்டு மாற்றச் சொல்லி விலை பேசி முடித்திருந்த இரண்டு வீடுகளில் நான் செய்தது இவ்வளவுதான்.

ஃபேன் கோடு வருகிறது. மோட்டாரை மாற்ற வேண்டுமா?

முதலில் ஐஸைப் பாருங்கள். ஃபேனுக்குப் பின்னால் உள்ள காயிலில், அதாவது குளிரைத் தரும் குழாய்ச் சுருளில், ஐஸ் கட்டி, அது வளர்ந்து வளர்ந்து இறக்கையில் இடித்தால் ஃபேன் நின்றுவிடும். கோடு வருவதற்குச் சில நாள் முன்பிருந்தே கரகரவென்று சத்தம் கேட்டிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

தயவுசெய்து கத்தி, ஸ்க்ரூடிரைவர் வைத்து ஐஸைக் குத்தாதீர்கள். காயில் பெரும்பாலும் அலுமினியம். ஒரு குத்தில் ஓட்டை விழும், உஸ்ஸென்று கேஸ் போய்விடும். அதுவும் ஆர் 600 ஏ கேஸ் என்றால் எரியக்கூடியது, பக்கத்தில் தீயோ ஸ்விட்சின் பொறியோ இருக்கக் கூடாது. ஃப்ரீசரைக் காலி செய்து, பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து வைத்து ஒரு முழு நாள் விடுங்கள். கீழே பழைய வேட்டியை விரித்துவிடுங்கள். அவசரம் என்றால் உள்ளே ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர் வைக்கலாம்.

ஐஸ் முழுவதும் கரைந்த பிறகு ஃபேன் ஓடினால் மோட்டார்மேல் தப்பில்லை. ஆனால் ஐஸ் எதற்குக் கட்டியது? இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி கோடு வந்தால் கதவு ரப்பர், டிஃப்ராஸ்ட் ஹீட்டர், அடைத்துப்போன தண்ணீர் வழி இந்த மூன்றில் ஒன்று. ரப்பருக்கு ஒரு பத்து ரூபாய்த் தாள் போதும். கதவுக்கு இடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எங்கே வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கே காற்று போகிறது.

ஐஸே இல்லாமல் ஃபேன் நின்றிருந்தால் மெக்கானிக் பார்க்கட்டும். இந்த ஃபேன்கள் பெரும்பாலும் 12 வோல்ட் டிசி. அதில் ஒரு வயர் சுற்றும் வேகத்தைப் போர்டுக்குச் சொல்வதற்கு. அந்த ஒரு வயர் மட்டும் போனால் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், கோடும் வந்துகொண்டே இருக்கும்.

டிஃப்ராஸ்ட் ஹீட்டர் கோடு?

கரண்டை அணைத்து, கனெக்டரைக் கழற்றி ஹீட்டரின் ஓம் பாருங்கள். 230 வோல்ட்டில் 200 வாட் ஹீட்டர் என்றால் சுமார் 265 ஓம், 150 வாட் என்றால் 350 ஓம் அருகில். எதுவும் காட்டாவிட்டால் ஹீட்டர் போயிருக்கலாம், அதோடு தொடரில் இருக்கும் தெர்மல் ஃபியூஸும் போயிருக்கலாம். அந்த ஃபியூஸை வயர் வைத்து இணைத்து விட்டுப்போகிறவர்கள் இருக்கிறார்கள். அனுமதிக்காதீர்கள். ஹீட்டர் நிற்காமல் எரிந்தால் பிளாஸ்டிக்கும் எரியக்கூடிய கேஸும் உள்ள பெட்டிக்குள் அதைத் தடுக்க வேறு எதுவும் இல்லை.

டீப் ஃப்ரீசரில் திரையே இல்லை. பின்னால் ஒரு சின்ன விளக்கு மட்டும் மின்னுகிறது. அதுவும் கோடுதானா?

ஆமாம். இன்வர்ட்டர் கம்ப்ரசர் (தேவைக்கேற்ப வேகத்தை மாற்றி ஓடுவது) உள்ளவற்றில் கம்ப்ரசர் பக்கத்தில் தனியாக ஒரு இன்வர்ட்டர் போர்டு இருக்கும். அந்த விளக்கின் மின்னலை எண்ணிச் சொல்லுங்கள், போதும். இதற்கு மேல் வீட்டில் இருக்கிறவர்கள் கை வைக்க வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை இந்தப் போர்டு டிசியாக மாற்றும்போது அது சுமார் 325 வோல்ட் ஆகிறது. அதைப் பிடித்து வைக்க, கட்டைவிரல் பருமனில் ஒரு கெப்பாசிட்டர். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் நிற்கும். தொழில் பழகிய நாளில் "பிளக்தான் பிடுங்கியாச்சே" என்று ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டேன். பட்டாசு மாதிரி ஒரு வெடி. ஸ்க்ரூடிரைவர் முனையில் அரிசி அளவுக்கு உருகிய பள்ளம். அது என் விரலாக இருந்திருக்கலாம். அன்றிலிருந்து பத்து நிமிடம் காத்திருந்து, மீட்டரில் டிசி வைத்துக் கெப்பாசிட்டரின் இரண்டு காலிலும் அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகுதான் தொடுகிறேன். என்னிடம் வேலை பழகும் பையன்களுக்கும் முதல் பாடம் இதுதான்.

தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்வர்ட்டர் கம்ப்ரசரின் மூன்று பின்களில் எந்த இரண்டுக்கு இடையே அளந்தாலும் ஓம் ஒன்றுபோல வர வேண்டும், பாடிக்கு எதுவும் வரக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் கம்ப்ரசர் மோட்டாரின் சுருள் நல்லது, போர்டைச் சந்தேகிக்கலாம். பழைய சாதாரண கம்ப்ரசரைப் போல "டைரக்ட்டா கொடுத்துப் பார்ப்போம்" என்று 230 வோல்ட்டைக் கொடுத்தால் நல்ல கம்ப்ரசரும் கருகிவிடும்.

பல்லி விழுந்தால் போர்டு போகுமா?

போகும். எங்கள் பக்கம் போர்டு உண்மையாகவே சாவதற்கு இது ஒரு பெரிய காரணம். ஃப்ரீசருக்குப் பின்னால் இதமான சூடு, இருட்டு, பூச்சியும் வரும். பல்லி உள்ளே நுழைந்து இரண்டு சாலிடர் புள்ளிக்கு நடுவில் வயிற்றை வைக்கும். கவரைத் திறந்தால் காய்ந்து ஒட்டிப்போன உடம்பு, அதன் கீழே கரித்தடம், பக்கத்தில் வெடித்த ஐசி. முட்டை போட்டு வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். போர்டில் ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யும் ரிலேக்குள் எறும்பு புகுந்தாலும் இதே கதைதான், எலி வந்தால் வயர் தப்பாது.

போர்டின் பிளாஸ்டிக் கவரை எல்லா ஸ்க்ரூவோடும் முழுசாக மூடச் சொல்லுங்கள். பழுது பார்த்தவர் "ரெண்டு ஸ்க்ரூ போதும்" என்று விட்டுப்போன வீடுகளில்தான் பல்லி அதிகம் நுழைகிறது. வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் கழன்றிருந்தால் அதையும் மாட்ட வேண்டும். பூச்சி மருந்தைப் பின்னால் பீய்ச்சாதீர்கள். காற்று போகிற கம்பி வலையை அட்டை வைத்து அடைக்காதீர்கள்.

தெருவில் நியூட்ரல் போய்விட்டது. எல்லா வீட்டிலும் பல்ப் வெடித்தது. அப்போதிருந்து ஃப்ரீசரில் உயிரே இல்லை. ஏன்?

நியூட்ரல் அறுந்தால் சில வீடுகளுக்கு 400 வோல்ட்டை நெருங்கிக்கூட வரும். போர்டின் வாசலிலேயே ஃபியூஸும், பொத்தான் மாதிரி வட்டமாக, பெரும்பாலும் நீல நிறத்தில் எம்ஓவி என்ற ஒரு பாகமும் இருக்கும். அழுத்தம் மிஞ்சினால் எம்ஓவி தானே ஷார்ட் ஆகி ஃபியூஸை எரியவிட்டு, பின்னால் இருப்பதைக் காப்பாற்றும். அது வெடித்துக் கரி பிடித்திருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அதன் வேலையைச் செய்திருக்கிறது. பல நேரம் இந்த இரண்டு சில்லறைப் பாகங்களை மாற்றினாலே போர்டு எழுந்துவிடும். ஆனால் அதே மதிப்புள்ளதைப் போட வேண்டும். எம்ஓவியை வெட்டிவிட்டு, ஃபியூஸுக்கு வயர் இழை சுற்றி ஓட்டினால் அடுத்த முறை போர்டு மொத்தமும் போகும்.

"ஸ்டெபிலைசர் தேவையில்லை" என்று எழுதியிருக்கிறதே?

இன்வர்ட்டர் மாடல்கள் குறைந்த வோல்ட்டேஜை நன்றாகவே தாங்கும். எனக்குக் கவலை அதிக வோல்ட்டேஜ்தான். அடிக்கடி கரண்ட் போய் வருகிற தெருவாக இருந்தால், அதிக வோல்ட்டேஜில் வெட்டிவிட்டு, கரண்ட் திரும்பியதும் சில நிமிடம் தாமதித்துக் கொடுக்கும் ஸ்டெபிலைசர் ஒன்றை வைக்கச் சொல்வேன். போர்டு விலையில் ஒரு பகுதிதான் ஆகும்.

போர்டை ரிப்பேர் செய்யலாமா, புதிதுதான் வாங்க வேண்டுமா?

ரிலே, உப்பிய கெப்பாசிட்டர், எம்ஓவி, ஃபியூஸ், விட்டுப்போன சாலிடர் என்றால் ரிப்பேர். நடுவில் இருக்கும் புரோகிராம் ஐசி போனாலோ, பலகை கருகிச் செல்லரித்தது மாதிரி இருந்தாலோ புதிது. வாங்கும்போது போர்டின் ஸ்டிக்கரில் உள்ள பார்ட் எண் கடைசி எழுத்துவரை ஒன்றாக இருக்க வேண்டும். பார்க்க ஒன்றுபோல இருக்கும் போர்டுகளுக்குள் புரோகிராம் வேறாக இருக்கும். மாட்டினால் விளக்கெல்லாம் எரியும், கம்ப்ரசர் மட்டும் ஓடாது.

கம்ப்ரசருக்குப் பத்து வருஷம் என்று ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அது கம்ப்ரசருக்கு மட்டும். கார்டை எடுத்து போர்டுக்கு எவ்வளவு என்று தனியாகப் படியுங்கள். வாரன்டி இருக்கும்போது வெளியாளை வைத்துத் திறக்காதீர்கள், நான் உட்பட. மாற்றிய பழைய போர்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளவும் தயங்க வேண்டாம்.

சென்சார் கோடு என்றேன். வந்தவர் கேஸ் போட வேண்டும் என்கிறார். சரியா?

"எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். வீட்டு ஃப்ரீசரில் கேஸ் குறைந்ததை நேரடியாக அளக்கும் சென்சார் பொதுவாகக் கிடையாது. கேஸ் குறைந்தால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், காயிலின் ஒரு மூலையில் மட்டும் பனி பிடிக்கும், வெப்பநிலை ஏறும். இதில் ஒன்றையாவது அவர் காட்ட வேண்டும்.

மெக்கானிக் நாளைதான் வருவார். உள்ளே மீன் நிறைய இருக்கிறது.

திறக்காதீர்கள். அமெரிக்க வேளாண்துறை சொல்லும் கணக்குப்படி, மூடியே வைத்திருந்தால் நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரமும் பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். நம் வெயிலில், கதவு ரப்பர் தளர்ந்த ஃப்ரீசரில் அவ்வளவு நேரத்தை நான் நம்ப மாட்டேன். கோடு வந்தும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தால் அப்படியே ஓடட்டும். நின்றுவிட்டால் மேலே ஒரு கனமான போர்வையைப் போடுங்கள், கம்ப்ரசர் பக்கத்துக் காற்று வழியை மட்டும் விட்டுவிட்டு. சாயங்காலம்வரை ஆள் வரவில்லை என்றால் ஒரு தெர்மாகோல் பெட்டியும் உடைத்த ஐஸும் வாங்கி, கீழே ஒரு அடுக்கு ஐஸ், மேலே மீன், அதற்கு மேல் ஐஸ் என்று மாற்றிவிடுங்கள். மறுநாள் பார்க்கும்போது மீனுக்குள் இன்னும் பனித்துகள் இருந்தால் மறுபடி உறைய வைக்கலாம், ருசி கொஞ்சம் குறையும். முழுசாக இளகி இன்னும் சில்லென்று இருந்தால் அன்றே குழம்பு வைத்துவிடுங்கள். சூடேறிப்போனதை, வாடை வராவிட்டாலும், சாப்பிட வேண்டாம்.